படுவான்கரைக் கைகள்

மட்டக்களப்புக்குப் போகப்போகிறேன் என்று சொன்னதும், கொழும்பில் நான் சாப்பிடப் போன வீடுகளிலெல்லாம் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு விழுந்தது. தூக்குத்தண்டனைக் கைதியைக் கவனிப்பதுபோல் கவனித்தார்கள். எதற்குப் போகிறீர்கள் என்றார்கள். கைகளைப் பார்க்க என்றேன். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

உண்மையும் அதுதான். நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறவன். மரபியல் நம் பக்கங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று ஒரு புத்தகம் எழுதும் ஆசையில், பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் போய்ப் பூட்டிய அலமாரிகளைத் திறந்து காட்டச் சொல்லித் தொந்தரவு செய்துகொண்டிருந்த காலம் அது. பட்டாணிச் செடி, பழ ஈ என்று பாடப்புத்தகம் சொல்லும் கதை வேறு. நம் ஊர்களில் அந்தச் சாஸ்திரம் மனிதர்களைத் தேடித்தான் வந்தது. மை உருளையையும், நாக்கில் வைத்தால் சிலருக்கு மட்டும் கசக்கும் கசப்புத் தாளையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் அலைந்தவர்கள் இருந்தார்கள். அப்படி அலைந்த ஒரு பேராசிரியர், சண்டைக்கு முந்திய நாட்களில், மட்டக்களப்பு வாவியைச் சுற்றிய கிராமங்களில் குடும்பம் குடும்பமாக உள்ளங்கை அச்சு எடுத்துச் சேர்த்திருந்தார். அவர் இறந்து வருஷங்களாகிவிட்டன. கைகள் மட்டும் இருக்கின்றன என்று கேள்விப்பட்டேன். ஒரு கருத்தரங்குக்காகக் கொழும்பு வந்த சாக்கில் கிளம்பிவிட்டேன்.

பஸ் பயணத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை கிடையாது. சாவடிக்குச் சாவடி எல்லாரும் மூட்டையோடு இறங்கி, வரிசையாக நடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். நம் ஊரில் பஸ்ஸைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் டிரைவரின் பரம்பரையே சந்திக்கு வந்துவிடும். இங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கைக்குழந்தைகள்கூட அழவில்லை. ஒரு சாவடியில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய சிப்பாய் இன்னொருவனிடம் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தான். பக்கத்தில் நின்றவர் தாழ்ந்த குரலில் மொழிபெயர்த்தார்: “இந்த நேரம் பார்த்து இங்கே வருகிறானே, வீட்டில் பெண்டாட்டியோடு சண்டையோ என்று கேட்கிறான்.”

காத்தான்குடியில் பஸ் நின்றேவிட்டது. இனி அதற்கு ஏலாது என்று நடத்துநர் அறிவித்துவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு சாப்பாட்டுக் கடையில் புகுந்தேன். தேங்காய்ப் பாலில் மிதந்த மீனும் சிவப்பரிசிச் சோறும். எங்கள் ஊர்ப் புளிக்குழம்பு மீனுக்கு நான் பரம விசுவாசி. ஆனாலும் அன்றைக்கு விசுவாசம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. நான் பேசுவது படத்தில் பேசுவதுபோல் இருக்கிறது என்று கடைக்காரருக்கு ஒரே சந்தோஷம். இன்னொரு துண்டு மீன் வைத்தார். எங்கே போகிறேன் என்று கேட்டார். வாவிக்கரையில் கைகள் வைத்திருக்கும் வீட்டுக்கு என்றதும் அவர் சிரிப்பு நின்றது.

“என்ட வாப்பாட கையும் அங்கதான் இரிக்கி” என்றார். தகப்பனார் காலமாகி நாளாகிவிட்டதாம். இலையை எடுக்க வந்தபோது, கண்டால் ஒரு சலாம் சொல்லுங்கள் என்று என் காதில் மட்டும் விழும்படி சொன்னார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

பல்கலைக்கழக வளாகத்தில் எதையும் நம்பி வைக்க முடியாத நிலைமையால், சேகரிப்பைப் பட்டணத்து விளிம்பில் ஒரு பழைய வாடகை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்கிறவர் ஸ்டெல்லா மிஸ். விலங்கியல் விரிவுரையாளர். பட்டணத்துக் கத்தோலிக்கக் குடும்பம். பால் கலக்காத தேநீரைத் தண்ணீர்போல் குடிப்பவர். பேச்சும் அதேபோல் பால் கலக்காதது. உள்ளே வாங்க, தலையைக் குனிஞ்சு வாங்க என்று கதவைத் திறந்தார். ஏன் குனிய வேண்டும் என்று கேட்குமுன் என் நெற்றியில் ஒரு கை தட்டியது.

காகிதக் கைதான். கூடம் முழுக்கக் கொடி கட்டி, துணி காயப்போடும் கவ்விகளால் நூற்றுக்கணக்கில் கைகளைத் தொங்கவிட்டிருந்தார். வாவியின் ஈரக்காற்றில் தாள்களில் பூஞ்சணம் பிடித்துவிடுகிறதாம். பெட்டி பெட்டியாக எடுத்து இப்படி உலர்த்தினால்தான் பிழைக்குமாம். கறுப்பு மையில் பதிந்த கைகள். வெற்றிலை இடித்துத் தடித்த கைகள், வலை இழுத்துக் கோடே தேய்ந்த கைகள், பால் மணம் மாறாத சின்னக் கைகள். ஜன்னலைத் திறந்தார். காற்று நுழைந்ததும் அத்தனையும் ஒரே பக்கமாக எழுந்து அசைந்தன. யாரையோ வழியனுப்புவதுபோல் இருந்தது. மிஸ் சாவகாசமாகத் தேநீர் போடப் போனார்.

மேசையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அதன்மேல் மொய்த்த ஈக்களைப் பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்தவன் நிமிரவில்லை. சிவப்பாக இருக்க வேண்டிய கண்கள் சிலவற்றுக்கு வெள்ளை. உலகத்து மரபியல் பாடத்தில் பட்டாணிக்கு அடுத்து வருவது அப்படியொரு வெள்ளைக் கண் ஈதான். ஆய்வுக்கூடம் இடம் மாறியபோது சீசாக்கள் உடைந்து பறந்துபோனவற்றின் வம்சம் என்றார் மிஸ். தீனி போட ஆளில்லை, கணக்கெடுக்க ஆளில்லை. இருந்தும் அவை பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருந்தன. அந்தப் பழத்தை எனக்குத் தின்ன மனம் வரவில்லை.

கைகளில் பெயர் இல்லை. ஊர், தாய்வழிக் குடி, குடும்பத்துக்கு ஓர் எண்; அதன் கீழ் தாய், தகப்பன், பிள்ளைகள். கசப்புத் தாளை நாக்கில் வைத்தபோது கசந்ததா இல்லையா என்று மூலையில் ஒரு குறிப்பு. அவ்வளவுதான். எந்த எண் யார் என்று சொல்லும் தாள்கள் எங்கே என்று கேட்டேன்.

“எரிச்சிட்டன்” என்றார் மிஸ். “ஊர்ப் பொடியன்மார்ட கையெல்லாம் பேரோட ஒரு வீட்டுக்குள்ள கிடந்தா, எந்தப் பக்கத்து ஆக்கள் வந்து கேட்டாலும் நான் என்ன செய்யிற?”

ஆவணத்தை எரித்தவர்களைத் திட்டித்தான் என் புத்தகத்தின் முதல் அத்தியாயமே இருந்தது. இங்கே உட்கார்ந்து யோசித்தபோது திட்ட வாய் வரவில்லை.

இன்னொரு புதிரும் இருந்தது. சில குடும்பத் தாள்களில் பேராசிரியர் சிவப்புப் பென்சிலால் கேள்விக்குறி போட்டிருந்தார். தாய்க்கும் கசக்கவில்லை, தகப்பனுக்கும் கசக்கவில்லை, பிள்ளைக்கு மட்டும் கசந்திருக்கிறது. மரபியல் கணக்குப்படி அப்படி நடக்காது. பெண்களின் நடத்தையைச் சந்தேகித்துப் போட்ட குறிகள் அவை என்பது தெளிவு. மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். பேராசிரியர் வெளியூர்க்காரர். இந்தப் பக்கத்தில் வீடு வளவு பெண்ணுக்கு, குடியும் தாய் வழி, கட்டியவன்தான் பெண்வீட்டுக்கு வருவான். அக்காவும் தங்கையும் ஒரே வளவில் குடியிருப்பார்கள். அக்காள் பிள்ளை, தங்கச்சி பிள்ளை என்று அங்கே பிரித்துப் பேசவே மாட்டார்கள். உங்கள் பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள் என்று இவர் கேட்டிருப்பார். கையில் கிடைத்த எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள். இவ்வளவுதான் விஷயம். பாவம், அந்த மனுஷன் அதை வைத்து ஆங்கிலத்தில் கட்டுரை எழுதிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை, புட்டும் கட்டித்தயிருமாக நான் மூழ்கியிருந்தபோது ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். வாவிக்கு மேற்கே, படுவான்கரை என்கிறார்கள், கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் கிராமம். பெயர் பூரணம். கணவன் இல்லை. முன்பே இரண்டு தடவை வந்தவள் என்று மிஸ் சொன்னார். நான் இந்தியா என்று தெரிந்ததும் அவள் முகம் இறுகியது. இந்திய ஆமி இருந்துவிட்டுப் போன ஊர். நான் தயிரைப் பார்த்துக்கொண்டேன்.

அவள் மகன் வரதனும் தங்கை மகன் மோகனும் ஒரே நாளில், ஒரே சுற்றிவளைப்பில் கொண்டுபோகப்பட்டவர்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. அவள் ஏறாத முகாம் இல்லை. வீடு எரிந்தபோது படங்களும் சாதகக் குறிப்புகளும் போயின. இப்போது அவளும் தங்கையும் தூரத்து ஊரில் ஒரு சாத்திரக்காரரைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போயிருக்கிறார்கள். குறிப்பு இல்லாவிட்டால் கையாவது வேண்டும், ஆயுள் ரேகையைப் பார்த்தால் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று சொல்லிவிடுவேன் என்றாராம். கைக்கு எங்கே போவது? அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் மை பூசிய நாள் இவளுக்கு நினைவு வந்திருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவியும் மை போகாமல், அந்தக் கையாலேயே பிள்ளைகள் சோறு தின்றார்களாம்.

“அந்தக் கை இஞ்சதானே இரிக்கி சேர்? ஒருக்காத் தாங்க, பாத்திட்டு மறுகாக் கொண்டந்து தாறன்.”

பெயரில்லாமல் எப்படித் தேடுவது? மிஸ் உதட்டைப் பிதுக்கினார். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. அன்றைக்கு அவளும் கை வைத்திருப்பாளே! கையைக் காட்டச் சொல்லி லென்ஸை வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே, மணிக்கட்டுக்கு மேலே இருக்கும் மேட்டில், தெளிவாக ஒரு பெரிய சுழி. அந்த இடத்தில் அப்படி அமைவது அபூர்வம். நான் குஷியில் அவளிடமே அதைத் தொட்டுக் காட்டி, இது லேசில் வராது, வந்தால் குடும்பத்தில்தான் வரும், இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று வகுப்பு எடுத்துவிட்டேன். அவள் தன் கையை அப்போதுதான் முதன்முறை பார்ப்பவள்போல் பார்த்தாள். மத்தியானம் கடைசிப் பாதைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள். வாவியில் ஆளையும் சைக்கிளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் தட்டைப் படகுக்கு இங்கே பாதை என்று பெயர்.

மிச்சப் பொழுதெல்லாம் படுவான்கரைப் பெட்டிகளில் கழிந்தது. தாய்மார் கைகளை மட்டும் பிரித்து, கொடியில் மாட்டி, லென்ஸோடு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். எங்கேயோ தூரத்தில் ஷெல் விழும் சத்தம் கேட்டது. சத்தம் நமக்கு வந்து சேருமுன்பே தாள்கள் நடுங்கின. மிஸ் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. வெளிச்சம் மங்கும் நேரத்தில் அந்தச் சுழி என் கண்ணில் பட்டது. பூரணத்தின் கைதான், இளமையான கை, இன்னும் தழும்புகள் விழாத கை. அதே குடும்ப எண்ணில், பெட்டியில் தகப்பன் கை. அதற்குக் கீழே ஒரே வயதுள்ள இரண்டு பையன்கள்.

ஒரு பையனின் கையில் அதே இடத்தில் அதே சுழி. மற்றவன் கையில் இல்லை. அந்த மற்றவன் தாளில்தான் கசந்தது என்ற குறிப்பும், சிவப்புக் கேள்விக்குறியும். தாய் தகப்பன் இருவருக்கும் கசக்கவில்லை. ஆகவே சுழி உள்ளவன் வரதன், கேள்விக்குறி மோகன். தங்கை பிள்ளையையும் பூரணமே கூட்டிப்போயிருக்கிறாள். இதற்குமேல் அத்தாட்சி வேண்டியதில்லை. வெற்றிக் களிப்பில் கைரேகைகளையும் சும்மா ஒரு பார்வை பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். வரதனின் ஆயுள் ரேகை மணிக்கட்டு வரை இறங்கி ஓடியது. மோகனுடையது பாதியில் அறுந்து நின்றது.

ரேகை என்பது கருவில் கை மடங்கிய மடிப்பு, வேறொன்றுமில்லை. எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தத் தாளை நான் கவிழ்த்து வைத்தேன்.

மூன்றாம் நாள் அக்காவும் தங்கையும் சேர்ந்து வந்தார்கள். தங்கை நேசம், அக்காவைவிட ஒல்லி, கண்ணுக்குக் கீழே கறுப்பு. கை எடுத்த அன்றைக்கு அவள் வட்டையில், அதாவது வயல்வெளியில், நெல் சூடடிப்பில் இருந்தாளாம். அதனால்தான் அக்கா இரண்டு பேரையும் கூட்டிப்போனாள். தாள்களை மேசையில் வைத்தேன். நேசம் ஒரு சின்னக் கையின் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள்; பிறகு மற்ற கையின் விரல்களை. கூடத்தில் தொங்கிய கைகள் அசையாமல் இருந்தன. காற்றே இல்லை.

எது யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றில் ஆயுள் ரேகை பாதியில் நிற்பது மட்டும் தெரிந்தது. சாத்திரக்காரர் வீட்டு வாசலில் காத்திருந்த நாட்களில் அந்த அளவுக்கு எல்லாரும் படித்துவிட்டிருந்தார்கள். அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

“சேர், நீங்க படிச்ச ஆள்தானே. சொல்லுங்க. இதில என்ட மகன்ட கை எது?”

ஸ்டெல்லா மிஸ் என்னைப் பார்த்தார். சிவப்புக் குறியை அவரும் பார்த்திருந்தார். உண்மையைத் தேடித்தான் கடல் தாண்டி வந்திருந்தேன். கையில் இருக்கும் உண்மையை அந்தப் பெண் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பூரணம் குனிந்து இரண்டு தாளையும் பார்த்தாள். அவள் பார்வை நேராகச் சுண்டுவிரல் மேட்டுக்குத்தான் போனது. நேற்று நான் பெருமையாகத் தொட்டுக் காட்டிய இடம். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தன் வலது கையை மூடி, சேலைத் தலைப்புக்குள் விட்டுக்கொண்டாள். இடது கையால் சுழி உள்ள தாளை, நீள ரேகைத் தாளை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள்.

“இந்தா. இது மோகன்ட.”

நேசம் வாங்கவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

“எனக்குத் தெரியாதா? நாந்தானே அவன்ட கையப் பிடிச்சு மையில வெச்ச.”

நேசம் தாளை இரண்டு கையாலும் வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். சத்தமில்லாமல் அழுதாள். அழுகை நின்றதும் அக்காவைப் பார்த்தாள். அக்காவுக்கு மிஞ்சியிருந்த தாளைப் பார்த்தாள். பூரணம் அதை மடிக்காமல் சுருட்டிக்கொண்டு, பாதைக்கு நேரமாகிறது என்றாள்.

சேகரிப்பிலிருந்து எதையும் வெளியே கொடுக்கக் கூடாது. மிஸ் கொடியில் காலியாக இருந்த இரண்டு கவ்விகளைக் கழற்றி மேசையில் போட்டார். வரலாற்றில் இரண்டு ஓட்டை விழுந்தால் ஒன்றும் குடி முழுகாது என்றார்.

கை எடுத்த பள்ளிக்கூடத்தை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று நானும் அவர்களோடு துறைக்குப் போனேன். துறையில் சாவடி. சிப்பாய் நேசத்தின் தாளை விரித்துப் பார்த்தான். மிகவும் சின்ன வயது. மீசை இப்போதுதான் அரும்புகிறது. அரைகுறைத் தமிழில் யார் கை என்றான். பிள்ளை என்றாள். அவன் துப்பாக்கியைத் தோளுக்கு மாற்றிவிட்டு, தன் உள்ளங்கையை அந்த மைக் கையின்மேல் பொருத்திப் பார்த்தான். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். மை காய்ந்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

பாதை நடு வாவிக்குப் போனதும் மோட்டார் செத்தது. இழுத்து இழுத்துப் பார்த்தார்கள், இருமிவிட்டு அடங்கிவிட்டது. நம் ஊராக இருந்தால் ஆளுக்கொரு யோசனை சொல்லிப் படகைக் கவிழ்த்திருப்போம். இங்கே ஆளாளுக்குத் தத்தம் மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்கள். தண்ணீர் அசையவில்லை. இரண்டு கரையும் ஒரே தூரத்தில் இருந்தன. ஒரு மீன்கூடத் துள்ளவில்லை. ஏன் இவ்வளவு அமைதி என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டேன். இந்த இடத்தில் பேச மாட்டோம், கீழே ஆட்கள் கிடக்கிறார்கள் என்றார், வீட்டு முகவரி சொல்வதுபோல.

நேசம் முன்பக்கம் உட்கார்ந்து, தாளை நனையாமல் மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. பூரணம் என் பக்கமாக நகர்ந்து வந்தாள். வலது கை இன்னும் சேலைக்குள்தான். வரதனின் ரேகையைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, அறுந்த ரேகையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தாளைத்தான் நாளைக்குத் தன் மகனுடையது என்று அந்தச் சாத்திரக்காரர் முன்னால் விரிக்க வேண்டும். அவர் சொல்லப்போகும் வார்த்தையை அவள் காதால் கேட்க வேண்டும்.

“சேர்” என்றாள், தங்கைக்குக் கேட்காத குரலில். “இந்தச் சாத்திரமெல்லாம் பொய்தானே?”

“பொய்தான் அம்மா” என்றேன். “அத்தனையும் பொய்.”

வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லிவந்த பதில். அன்றைக்குத்தான் அது உண்மையாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு சொன்னேன். அவள் ஓம் என்று தலையாட்டினாள். பிறகு, நான் சொன்னது போதாததுபோல், இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.